சாம்பல் கழுதைக்கு மாப்பிள்ளை தேடியவர்

அந்த ஆள் முதன்முதலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் கதவைப் பாதிதான் திறந்தேன். வெளுத்துப்போன நீலச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை, வயது அறுபது இருக்கும். வீட்டுக்குப் பின்னால் பாலாற்றை ஒட்டி எங்களுக்குக் கிடக்கும் காலி மனையை வாடகைக்குக் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "நாலஞ்சு உருப்படி கட்டணும்மா" என்றார். மாடா என்றேன். "கழுதை" என்றார்.

ஆம்பூரில் ஒருவர் கழுதை வாங்கிச் சேர்க்கிறார் என்றால் எங்கள் புத்தி வேறெங்கே போகும்? தோலுக்குத்தான் போகும். முடியாது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"இதே ஊர்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"எங்கப்பா பேர்ணாம்பட்டு."

"அதுக்கு முன்னாடி?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் வந்து ஒருவர் இப்படி ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்டால் கடைசியில் எந்தக் கேள்வியில் போய் நிற்பார் என்று எங்களுக்குத் தெரியாதா? தோல் ஊறுகிற தொட்டியில் இறங்கி நின்று வேலை செய்த குடும்பம் எங்களுடையது. "அதுக்கு முன்னாடி ஆதாம் ஏவாள் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துவிட்டு, "அதுக்கு சாட்சி இல்லியேம்மா" என்றார். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே மனையையும் கொடுத்துவிட்டார்.

நான் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வருகிற மேல்தோலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று ஒதுக்குகிற வேலை. முள்கம்பி கீறினது, உண்ணி கடித்தது, சூடு போட்டது எல்லாம் தோலில் தழும்பாக நின்றுவிடும். சாயத்தை எவ்வளவு ஏற்றினாலும் விரலுக்குத் தப்பாது. வாங்குகிற வெளிநாட்டுக்காரன் எதையும் நம்பமாட்டான், அதனால் நானும் நம்பக் கூடாது. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போவதில்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், "உங்கிட்ட ஒரு தக்காளி கூட பாஸாகாது" என்பார்.

பக்கத்து வீட்டு பாய் வேறு பயமுறுத்திவிட்டார். அவர் குடும்பமே தோல் வியாபாரம். "பாத்துக்கம்மா. கழுதைத் தோலை நம்ம ஊர்ல யாரும் தொடறதில்ல. ஆனா வெளிநாட்டுல அதைக் காய்ச்சி மருந்து பண்றானுங்க. கேக்கறவன் ஜாஸ்தியாயிட்டான். நாளைக்கு ஒரு பேஜார்னு போலீஸ் வந்தா, மனை யாருதுன்னுதான் மொதல்ல கேப்பான்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற வழியில் மதில்மேல் எட்டி, கழுதைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். அவரும் தவிட்டு வாளியோடு நின்றபடி என்னைப் பார்ப்பார். நான்தான் எதையோ தூக்கிக்கொண்டு ஓடப்போகிறேன் என்பது மாதிரி இருக்கும் அந்தப் பார்வை. காலங்கார்த்தாலே இது என்ன கொடுமை என்று எரிச்சலோடு பஸ் ஏறுவேன்.

அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ரொம்பக் கம்மி. டீக்கடையில் ரயில்வேயில் இருந்ததாகச் சொன்னார். என் வீட்டுக்காரரிடம் ராணுவத்தில் கோவேறு கழுதைகளைப் பராமரித்ததாகச் சொன்னார். பாயிடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். "இதுல எது சார் நெஜம்?" என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். "எல்லாந்தாம்மா" என்று சொல்லிவிட்டுத் தவிட்டைக் கலக்கப் போய்விட்டார். ஊரில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பூர்வீகம் கேட்கிற மனிதர், தன்னுடையதைக் கேட்டால் மட்டும் இப்படி.

கேள்விதான் அவருக்கு மூச்சு. பிரியாணிக் கடையில் இலை போட்டதும், "இந்த அரிசி எங்கேருந்து வந்துச்சு?" என்பார். "சீரகச் சம்பா சார்" என்பார் கடைக்காரர். "பேரைக் கேக்கல, ஊரைக் கேட்டேன்" என்பார் இவர். "சார், பின்னால ஜனங்க நிக்குது. சாப்பிடறதுன்னா சாப்பிடுங்க, இல்லாட்டி நவுருங்க!" லாங் பஜாரில் ஒரு கயிறு வாங்க அரை நாள் எடுத்துக்கொள்வார். நார் எங்கே திரித்தது, யார் திரித்தார்கள் என்று கடைக்காரர் வாயைப் பிடுங்கி, கடைசியில் வாங்காமலே திரும்புவார்.

என் நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டது என் வீட்டுக்காரர் செய்த வேலை. வேலூரில் மாப்பிள்ளை ஊர்வலம். குதிரைக்காரன், "அசல் மார்வாரி, ராஜஸ்தான்லேருந்து நேரா எறக்கினது" என்று பெருமை பேசிக்கொண்டே வந்தான். இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். பேண்டு வாசிக்கிறவர்கள் நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள், மேலே மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகச் சேணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இவர் குதிரையின் இரண்டு காதுகளையும் பிடித்து உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறார்.

"மார்வாரின்னா காது உள்பக்கமா வளைஞ்சு நுனி ஒண்ணோட ஒண்ணு தொடணும். இது தொடல. இது மார்வாரி இல்ல."

"யோவ், நீ மாப்பிள்ளை காதைப் பாக்க வந்தியா, குதிரை காதைப் பாக்க வந்தியா?" என்று குதிரைக்காரன் எகிறினான். கூட்டம் சிரித்த சிரிப்பில் என் நாத்தனார் முகம் கறுத்துப்போயிற்று. ரொம்ப நாள் என்னிடம் பேசவே இல்லை.

மறுநாள் மனைக்குப் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். "நல்ல காரியத்துல போய் இப்படியா சார் பண்ணுவாங்க?"

"அவன் பொய் சொன்னாம்மா."

"சொல்லிட்டுப் போறான். உங்களுக்கு இன்னா?"

"ஒருத்தன் கலப்புக் குதிரையை அசல்னு சொல்வான். இன்னொருத்தன் அதை நம்பி அசலோட சேப்பான். பத்துப் பதினஞ்சு வருஷத்துல அசலே இருக்காது. அப்படித்தாம்மா போச்சு எல்லாம்."

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. "அசல், கலப்புன்னு மனுஷங்களுக்கும் இதே கணக்குதானா சார்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "மனுஷன்ல ஏதும்மா இனம்? எல்லாம் ஒரே உருப்படி. எங்க பாத்தாலும் கலந்து கெடக்குது, நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முழுசாக நம்பவில்லை. நன்றாகப் பேசுகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

தோல் விஷயத்தில் மட்டும் என் சந்தேகம் ஒருநாள் தீர்ந்தது. செங்கல் சூளையிலிருந்து வாங்கி வந்த கிழட்டுக் கழுதை ஒன்று செத்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்குக் குட்டு வெளிப்படும் என்று மதில் ஓரமாக நின்றுகொண்டேன். ஆள் வைத்து ஆழமாகக் குழி வெட்டினார். கழுதையை உள்ளே இறக்கினார்கள். பிறகு அவரும் குழிக்குள் இறங்கினார், கையில் கத்தி. சரிதான், உரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உரிக்கவில்லை. முதுகில், விலாவில், தொடையில், கண்ட கண்ட இடத்தில் தாறுமாறாகக் கோடு கோடாகக் கீறினார். கீறக் கீற அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதார்.

வேறு ஊர்க்காரி என்றால் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். எனக்குப் புரிந்தது. இரண்டு பெரிய கீறல் இருந்தாலே அந்தத் தோல் எந்தச் செக்கிங் மேசையிலும் தேறாது. ராவோடு ராவாக எவனாவது தோண்டி எடுத்தாலும் காசுக்கு ஆகக் கூடாது என்று கெடுக்கிறார். ஊரில் ஒருவரையும் நம்பாத மனிதர், செத்த கழுதைக்கும் காவல் போட்டுவிட்டுத்தான் மண்ணைத் தள்ளினார். அன்று மதியம் அவருக்குச் சோறு போட்டு அனுப்பினேன். நான் என்ன போட்டேனோ என்று அதையும் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் ராணியைப் பற்றி என்னிடம் வாய் திறந்தார். ராணி என்பது என் வீட்டுக்காரர் வைத்த பெயர். இருந்த கழுதைகளிலேயே குள்ளமானது. சாம்பல் நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு, நாலு காலிலும் வரிக்குதிரை மாதிரி மெல்லிய வரிகள். வேலூர் பக்கம் அமிர்திக்கு மேலே மலையிலிருந்து புளியும் சாமையும் சுமந்து இறங்கின மந்தை ஒன்று இருந்ததாம். கல்லில் கால் வழுக்காத ஜாதி, எந்தத் தண்ணீரையும் குடித்துத் தாங்கும். ரோடு வந்தது, வேன் வந்தது, மந்தை சிதறிப்போயிற்று. சிலது சூளைக்கு, சிலது ஆந்திரா பக்கம் கறிக்கு. அவருக்குத் தெரிந்து மிச்சம் ராணி ஒன்றுதான்.

"வேலூர் கோட்டையில நின்ன குதிரையெல்லாம் கப்பல்ல வந்ததும்மா. அதுக்குப் படம் இருக்குது, பாட்டு இருக்குது. இதுக்கு ஒண்ணும் இல்ல. இதுதான் இந்த ஊர் மண்ணுல நடந்து நடந்து இந்த ஊராவே ஆனது."

"அதுக்கு முன்னாடி?" என்று நான் மடக்கினேன்.

குனிந்து ராணியின் காலைப் பார்த்தார். "ஆப்பிரிக்கா" என்றார் சின்னக் குரலில். "அந்தக் கால் வரி அங்க இருந்து வந்ததுதான்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

ராணிக்கு ஒரு குட்டி வேண்டும். அதுவும் அதே மந்தையில் வந்த ஆணோடு சேர்ந்து. அவர் ஆம்பூருக்கு வந்ததே அதற்காகத்தான். கவர்ன்மென்ட் கால்நடை டாக்டர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு சார். இந்த வருஷம் விட்டா அப்புறம் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. குடியாத்தத்திலிருந்து ஒரு ஆண் வந்தது, கால் வரி மங்கல் என்று திருப்பி அனுப்பினார். சூளைக்காரர் ஒன்றைக் கொண்டுவந்தார், காது நீளம் என்று வேண்டாம் என்றார். "பொண்ணு கெழவியாகற வரைக்கும் மாப்பிள்ளையில நொட்டை சொல்றீங்களே சார்" என்று நான் கூடக் கத்தினேன். ராணிமேல் எனக்கும் ஆசை வந்துவிட்டிருந்தது. நான் போனால் மதில் ஓரம் வந்து கையை மோந்து பார்க்கும்.

அப்போதுதான் விஷயம் கேள்விப்பட்டு வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து முனிரத்தினம் என்பவர் வந்தார். ஆற்றோரம் சலவை செய்கிறவர். தன்னுடைய ஆண் கழுதையை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கே ராணியைப் பார்த்த மாதிரி இருந்தது. அதே குள்ளம், அதே சாம்பல், காலில் மையால் போட்ட மாதிரி வரி. ராணி கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

"எங்க வாங்கினது?" என்றார் இவர்.

"திருப்பத்தூர்ல எங்க மச்சான் குடுத்தது சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அமிர்திப் பக்கம்னு சொன்னாரு."

"சொன்னாரா? நீங்க பாத்தீங்களா?"

"இன்னா சார், எம் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன். காசு கூட வேணாம். ராணியோட கட்டுங்க, குட்டி பொறந்தா எனக்கும் சந்தோசம்."

இவர் தலையை ஆட்டினார். "விசாரிச்சிட்டுச் சொல்றேன்."

முனிரத்தினத்தின் முகம் வாடிப்போயிற்று. "சத்தியம் பண்ணியும் விசாரிக்கணுமா? சரி, நல்லா விசாரிச்சுக்கங்க" என்று சொல்லிக் கழுதையைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார். நான் இவரைத் திட்டிக் கிழித்தேன். வீடு தேடி வந்த சம்பந்தத்தை இப்படி அனுப்பலாமா என்றேன். "தப்பாச் சேத்துட்டா அதை அழிக்க முடியாதும்மா" என்றார். மறுநாள் துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ராணிக்குத் தவிடு வைக்கிற வேலை எங்கள் தலையில் விழுந்தது.

போனவர் போனவர்தான். போன் போட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "இன்னும் ஒரு ஆளைப் பாக்கணும்" என்று வைத்துவிடுவார். எனக்குப் பழைய சந்தேகம் எல்லாம் திரும்பி வந்தது. வாடகைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஓடிவிட்டாரோ, வேறெங்காவது குடும்பம் வைத்திருக்கிறாரோ என்று என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். ஒரு மாதத்துக்கும் மேலே ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் தாடியும் மீசையுமாக, இளைத்துக் கறுத்து வந்து நின்றார். முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை.

திருப்பத்தூரில் மச்சானைப் பிடித்து, அவருக்குக் கொடுத்த கல்குவாரிக்காரரைப் பிடித்து, அவருக்கு விற்றவரைப் போளூரில் தேடி, கடைசியில் அமிர்திக்கு மேலே மந்தை வைத்திருந்த குடும்பத்தையே கண்டுபிடித்துவிட்டார். "ராணியோட அப்பனும் அந்தக் கழுதையோட ஆத்தாளும் கூடப் பொறந்ததும்மா! நாலு பேர் கிட்ட தனித்தனியாக் கேட்டேன், நாலு பேரும் ஒண்ணாவே சொல்றாங்க."

"அப்ப அத்தை மகன்!" என்றேன்.

"அத்தை மகனேதான்!"

முறை மாப்பிள்ளை! நான் கைகொட்டிச் சிரித்தேன். அன்றைக்கே குட்டியானை லோடு வண்டி பேசினார். எனக்கு லீவு, நானும் ஏறிக்கொண்டேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் புதுக் கயிற்றை வைத்துக்கொண்டு, வழியெல்லாம் குட்டி பிறந்தால் எந்தப் பக்கம் நிழல் கட்டுவது என்று அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் பேச்சுக்கு உம் கொட்டினேன்.

முனிரத்தினம் வீட்டில் எங்களை யாரும் வா என்று சொல்லவில்லை. அவர் சம்சாரம் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். முனிரத்தினம் துணி உலர்த்துகிற கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. வாங்க, ஏத்திடலாம்" என்றார் இவர்.

"உண்மைன்னு நான் அன்னிக்கே சொன்னேனே சார்." முனிரத்தினம் கயிற்றைத் தாண்டி வரவில்லை. "திருப்பத்தூர்ல போயி இன்னா கேட்டீங்க? முனிரத்தினம் எப்படிப்பட்ட ஆளு, பொய் பேசுவானா, சொன்னா நம்பலாமா, அதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க, ஆத்தா யாருன்னு தெருத்தெருவாக் கேட்டீங்களா இல்லியா? எம் பொண்ணைக் குடுக்க இருந்த எடம் அதே தெருதான் சார்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் ஒரு குடும்பத்தைப் பற்றி இப்படித் துருவினால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, சம்பந்தம் விசாரிக்கிறார். இல்லையென்றால் போலீஸ். ஏற்கெனவே சம்பந்தம் பேசி முடித்த வீட்டுக்கு அவர் போலீஸாகத்தான் தெரிந்திருக்கிறார்.

"பூ வைக்க வர்றேன்னவங்க வரல. யோசிச்சுச் சொல்றோம்னுட்டாங்க. எம் பொண்ணு சோறு துன்னல சார். கழுதைக்கு மாப்பிள்ளை பாக்க ஒருத்தர் விசாரிக்கறாருன்னு சொன்னா எவன் நம்புவான்? கெஞ்சிக் கூத்தாடி அவங்களை இங்க கூட்டியாந்தேன். இந்தா, இதுக்காகத்தான் வந்தாரு, இனிமே இதைக் கேட்டு எவனும் வரமாட்டான்னு சொல்லி, ஆளைக் கூப்ட்டு, அவங்க கண்ணு முன்னாலயே கழுதையைக் காயடிச்சிட்டேன். அப்புறந்தான் நம்பினாங்க. போன அமாவாசைக்கு முன்னாடியே ஆச்சு."

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது, யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பெற்றவன் வேறு என்ன செய்வான்?

கழுதை வேப்பமரத்தடியில் நின்று புல் மென்றுகொண்டிருந்தது. அவர் மெதுவாக அதன் பக்கத்தில் போனார். குனிந்து பின்னங்கால்களுக்கு நடுவில் பார்த்தார். நிமிர அவருக்கு நேரமாயிற்று. பிறகு அதன் முன்னங்காலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். கழுதை அவர் தலைமுடியை மோந்து பார்த்தது. நான் பின்னால் போய் நின்று, "வாங்க சார், போலாம்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அசல்தாம்மா" என்றார். "சந்தேகமே இல்ல."